ரோசிக்கு இன்சுலின் மட்டும் போதவில்லை

மொட்டைமாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் ஓரத்தில் எறும்பு சாரை சாரையாகப் போவதை முதலில் பார்த்தது என் அம்மா. 2022 ஆகஸ்ட் முதல் வாரம். எங்கள் நாய் ரோசி காலையில் ஒன்றுக்குப் போகும் இடம் அது. எங்கள் வீட்டில் அதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதும் இருபது வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் தெரிய வந்தது. "டேய், குழந்தைக்கும் வந்துடுச்சு போலடா" என்று அம்மா படியில் நின்றபடியே சொன்னாள்.

ரோசி வெள்ளை ஸ்பிட்ஸ். நம்மூரில் எல்லோரும் பொமரேனியன் என்று சொல்லும் ஜாதி. அப்போது எட்டு வயது, 11 கிலோ. இரண்டு வாரமாக வாளித் தண்ணீரை விட்டு நகராமல் குடித்துக்கொண்டிருந்தாள். தட்டில் வைத்ததையெல்லாம் தின்றாள், ஆனாலும் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டியது. வெயில் காலத்து தாகம் என்று நாங்கள் விட்டுவிட்டோம். பெரம்பூரில் ஆகஸ்டிலும் வெயில்தானே.

பக்கத்து கிளினிக்கில் சர்க்கரை 462 காட்டியது. நாய்க்கு இயல்பு 75 முதல் 120 வரை. 180, 200 தாண்டினால் சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியாமல் சர்க்கரை சிறுநீரில் இறங்கும், அதோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அந்தத் தாகம். முதலில் மாத்திரையில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன், அப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தார்கள். டாக்டர் தெளிவாக முடியாது என்றார். பெரும்பாலான நாய்களுக்கு வருவது கணையத்தில் இன்சுலின் சுரப்பே வற்றிப்போகிற வகை. கணையத்தைத் தட்டி எழுப்பும் மாத்திரைக்கு அங்கே எழுப்ப ஒன்றும் இருக்காது. ஊசிதான், 12 மணி நேரத்துக்கு ஒன்று.

நம்மூர் மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைப்பது மனிதருக்கான என்.பி.எச். இன்சுலின். பால் போலக் கலங்கலாக இருக்கும், குலுக்காமல் இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். கிலோவுக்குக் கால் யூனிட்டிலிருந்து அரை யூனிட்டுக்குள் ஆரம்பிப்பார்கள். ரோசிக்கு 4 யூனிட்.

ஊசி போடுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. தோள்பட்டைக்குப் பின்னால் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அதன் அடிவாரத்தில் குத்த வேண்டும். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டால் அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். சாப்பிட்ட பிறகு போடுவதுதான் ஒழுங்கு. சாப்பிட மறுத்த வேளையில் முழு டோஸ் போடக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு செறிவில் விற்கிறது. ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. ரோசியின் மருந்து 40. அப்பா இரவில் போடும் கிளார்ஜின் இன்சுலின் 100. இரண்டும் ஒரே ஃபிரிட்ஜில், சிரிஞ்சுகள் ஒரே டப்பாவில். நான் நைட் ஷிஃப்டில் இருந்த மூன்று நாள் என் தம்பி அவளுக்கு ஆரஞ்சு மூடியில் ஊசி போட்டிருக்கிறான். 6 என்ற கோடு வரை இழுத்திருக்கிறான், உள்ளே போனது 2.4 யூனிட்தான். மாறி நடந்திருந்தால், 100 பாட்டில் மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்திருந்தால், இரண்டரை மடங்கு ஏறியிருக்கும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றிலிருந்து ரோசியின் டப்பா சமையலறையில், அப்பாவுடையது அவர் அறையில். இரண்டு மூடியின் நிறத்தையும் அவரவர் பாட்டிலின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் பூசி வைத்தாள் என் மகள்.

ஆரம்பம் இப்படி இருந்ததால், சர்க்கரை இறங்காதபோது எங்கள் தவறுதான் காரணம் என்று நினைத்தோம். 4 யூனிட் 6 ஆனது. 6, 8 ஆனது. பிறகு 11. செப்டம்பர் இரண்டாம் வாரம் 15. எடை 9.5 கிலோவுக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு வாரமும் கிளினிக்குப் போவோம், 380, 410 என்று ஏதாவது வரும், டோஸ் ஏறும், வந்துவிடுவோம். மருந்து வெயிலில் கெட்டிருக்குமோ என்று புது பாட்டில் வாங்கினோம். தயிர்சாதத்தை நிறுத்தினோம். அம்மா ஒளித்துக் கொடுத்த ரஸ்க்கை நிறுத்தினோம். ஒன்றும் அசையவில்லை.

கண்டுபிடித்தது அப்பா. ஃபிரிட்ஜைத் திறந்தவர், "மறுபடியும் புது பாட்டிலா? போன வாரம்தானே வாங்கினே?" என்றார். 10 மில்லி பாட்டிலில் 400 யூனிட். ஒரு நாளைக்கு 30 போனால் இரண்டு வாரம் வராது. நான் கணக்கைச் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு 70 கிலோ. நான் போடறது 18. பத்து கிலோ நாய்க்கு 30-ஆ? மருந்து எங்கடா போவுது?"

அந்தக் கேள்வியை நான்தான் ஐந்து வாரத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டும். பிறகுதான் தெரிந்தது, நாய் மருத்துவத்தில் இதற்கு ஒரு எல்லைக்கோடே உண்டு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 1 யூனிட்டைத் தாண்டும்போதே சந்தேகப்பட வேண்டும், 1.5 போய்விட்டால் டோஸை ஏற்றுவதை நிறுத்திவிட்டு இன்சுலினை எது தடுக்கிறது என்று தேட வேண்டும். ரோசி அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாள்.

மறுநாள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். வரிசை நீளம். எங்கள் முறை வந்ததும் அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டது இதைத்தான்: "கருத்தடை ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா? இல்லைன்னா கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்தா?"

ஆபரேஷன் செய்யவில்லை. ஹீட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு, வந்தது ஜூன் கடைசியில். அதுவரை யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. சர்க்கரைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது.

மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் அவர் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு அம்புக்குறி, இறங்குமுகமாக. அதன் பக்கத்தில் இன்சுலின் என்று எழுதினார். கோட்டுக்கு மேலே ஏறுமுகமாக நான்கைந்து அம்பு: குளுக்ககான், அட்ரினலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன். "சர்க்கரையை இறக்கறதுக்கு உடம்புல இது ஒண்ணுதான் சார். ஏத்தறதுக்கு இத்தனை பேர். நீங்க கீழ இருக்கறதை மட்டும் தள்ளிக்கிட்டே இருக்கீங்க. மேல யார் புடிச்சு இழுக்கறாங்கன்னு பார்க்கணும்." அந்தச் சீட்டு இன்னும் எங்கள் நோட்டுப்புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது.

பெண்நாய்களுக்கு மட்டும் உள்ள ஒரு சங்கதி அதன் பிறகு தெரிந்தது. ஹீட் முடிந்தபின், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இரண்டு மாதத்துக்கும் மேல் சினைப்பையிலிருந்து புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். நாய்களில் அந்தப் புரோஜெஸ்டிரான் பால்சுரப்பியைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து வருவது என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம், நாய்க்கு மடியிலிருந்தும் வருகிறது. அது இன்சுலினுக்கு நேர் எதிரி. கணையம் திடமாக இருக்கும் நாய் சமாளித்துவிடும். ஏற்கெனவே தளர்ந்த கணையம் என்றால் அந்த இரண்டு மாதத்தில் சர்க்கரை வெளியே வந்துவிடும். நடுவயது தாண்டிய, கருத்தடை செய்யாத பெண்நாய்க்கு ஹீட் முடிந்து சில வாரத்தில் தாகம் எடுத்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்க வேண்டும். பெண்நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் குறைவாக இருந்த சுவீடனில், எல்க்ஹவுண்ட் என்னும் வேட்டைநாய் ஜாதியில் இதை நிறையப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரிலும் வீட்டுநாய்க்குக் கருத்தடை செய்பவர்கள் குறைவுதான்.

ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவர் தடித்திருந்தது. சீழ் இல்லை. சிறுநீர்க் கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் பார்த்தார்கள், அதுவும் இன்சுலினைத் தடுக்கும் என்பதால். பிறகு முடிவு சொன்னார்கள்: சினைப்பையையும் கர்ப்பப்பையையும் எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. 400 சர்க்கரையில் கத்தி வைப்பதா என்று நான் தயங்கினேன். சர்க்கரை இறங்கியபின் செய்யலாம் என்று காத்திருந்தால் இறங்கவே இறங்காது, ஏனென்றால் இறங்கவிடாமல் பிடித்திருப்பதே அந்தச் சினைப்பை என்றார். மனிதருக்குச் சொல்லும் வழக்கமான அறிவுரை இங்கே தலைகீழாகிறது.

அன்றிரவு தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள், அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு உலகத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. 1921-ல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்ததும் நாய்களை வைத்தே. மார்ஜரி என்ற நாய் கணையம் இல்லாமல் அந்தச் சாற்றின் பலத்தில் சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. அதற்கடுத்து நான் படித்ததுதான் எங்கள் கதை. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ உசாய், கணையம் எடுத்த நாய்க்குப் பிட்யூட்டரியையும் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை நோய் தணிந்தது. தடுக்கும் ஹார்மோனை விலக்கினால் இன்சுலின் குறைவையே உடல் ஓரளவு தாங்கிக்கொள்கிறது என்பதை அந்த நாய்கள் காட்டின. 1947-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இன்று அவரை நடமாட வைத்திருக்கும் மருந்துக்காக எத்தனை நாய்கள் செத்திருக்கும். ரோசியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்காக எதையும் செய்துவிட வேண்டும் என்று அன்று உறுதியானது.

ஆபரேஷன் அன்று காலை சாப்பாடு கிடையாது, இன்சுலின் பாதி டோஸ். மேசையில் இருந்த நேரம் முழுக்க அரை மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்தார்கள். அதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு. சினைப்பை போனதும் புரோஜெஸ்டிரான் சில நாளில் விழுந்துவிடும், வளர்ச்சி ஹார்மோனும் இறங்கும், இன்சுலின் தேவை சட்டென்று குறையும். பழைய 15 யூனிட்டையே தொடர்ந்து போட்டால் நாய் தாழ்சர்க்கரையில் விழுந்துவிடும். எங்களுக்கு 8-ஆகக் குறைத்துத்தான் அனுப்பினார்கள். காலையும் மாலையும் காதின் உள்மடலில் ஒரு குத்து, குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு. மனிதருக்கான மீட்டர் நாய் ரத்தத்தில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பத்தாம் நாள் 6. மூன்றாம் வாரம் 5 யூனிட்டில் 160, 190 என்று நின்றாள். ஒரு மாதம் முன்பு 15-ல் நடக்காதது 5-ல் நடந்தது.

ஆனால் இன்சுலினே வேண்டாம் என்ற நிலைமை வரவில்லை. சில நாய்களுக்கு வரும். நோய் வெளிவந்த உடனேயே சினைப்பையை எடுத்துவிட்டால், தடை நீங்கியதும் கணையம் மீண்டுவிட வாய்ப்பு உண்டு. வாரக்கணக்கில் 400-லேயே கிடந்தால் அந்தச் சர்க்கரையே மிச்சமிருக்கும் இன்சுலின் செல்களைச் சுட்டுவிடும். எங்களுக்கு ஆறு வாரம் போய்விட்டது. முதல் கிளினிக்கில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் உண்டு. அந்த டாக்டர் ஊசி போடப் பொறுமையாகச் சொல்லித் தந்தவர், நல்லவர். அவர் கேட்கவில்லை என்பதும் உண்மை. இதைப் படிப்பவர்கள் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஹீட் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், சர்க்கரை என்று சொன்ன அன்றே அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

அக்டோபர், நவம்பர் நன்றாகப் போனது. டிசம்பரில் மறுபடி ஏற ஆரம்பித்தது. 7, பிறகு 9 யூனிட். இந்தத் தடவை வேறு மாதிரி. சர்க்கரை ஏறினால் மெலிய வேண்டும், ரோசி பூசினாற்போல ஆனாள். கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுவாள், எழுந்து வர மாட்டாள். மார்கழிக் குளிரில், நம் சென்னைக் குளிரில்தான், கேஸ் அடுப்பின் பக்கத்தில் போய்ப் படுத்தாள். ஸ்பிட்ஸின் அழகே வால்தான், அந்த வாலில் முடி உதிர்ந்து எலிவால் போல் ஆனது.

எனக்கு அந்த அம்புக்குறிப் படம் ஞாபகம் வந்தது. மேலே இன்னும் யாரோ இழுக்கிறார்கள்.

டாக்டரம்மா இரண்டு பேரைச் சந்தேகப்பட்டார். ஒன்று கார்டிசால் அதிகமாகும் குஷிங் நோய். இன்னொன்று தைராய்டு குறைவு. குஷிங்கில் தாகமும் சிறுநீரும் சர்க்கரை நோய் மாதிரியே இருக்கும், வயிறு பானை போல் தொங்கும். கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஆஸ்பத்திரிப் பதற்றமும் அந்தச் சோதனையைப் பொய்யாக ஏற்றிக் காட்டிவிடும் என்பதால் அறிகுறி பொருந்தினால்தான் பார்ப்பேன் என்றார். ரோசிக்குப் பொருந்தவில்லை. தைராய்டு பொருந்தியது.

தைராய்டு டெஸ்ட் விஷயத்தில் நான் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நிறையப் பேர் இங்கே வழி தவறுகிறார்கள். நான் அவசரப்பட்டு எங்கள் தெருமுனை லேபில், மனிதருக்குப் பார்க்கும் இடத்தில், ரத்தம் கொடுத்துப் பார்த்திருந்தேன். தைராய்டு ஹார்மோனான டி4 குறைவு என்று சிவப்பில் வந்தது, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். ஒன்றுமே இல்லை என்று வந்தது. டாக்டரம்மா அதைத் தள்ளிவைத்துவிட்டார். டி4 என்பது நாய்க்கும் மனிதனுக்கும் ஒரே மூலக்கூறுதான், ஆனால் நாய்க்கு இயல்பான அளவே 1 முதல் 4 மைக்ரோகிராம் வரை. மனித ரிப்போர்ட்டில் 5-க்குக் கீழே போனாலே சிவப்பு. அப்படிப் பார்த்தால் ஆரோக்கியமான நாய்கூடத் தைராய்டு நோயாளிதான். டி.எஸ்.எச். அதைவிட மோசம், அது இனத்துக்கு இனம் மாறும் புரதம். மனித கிட் நாயின் டி.எஸ்.எச்.-ஐப் பிடிக்கவே பிடிக்காது. நாய்க்கென்று உள்ள கிட்டில் பார்க்கும் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு: வேறு நோயில் உடம்பு துவண்டிருக்கும்போது டி4 தானாகவே இறங்கும். ஆகவே சர்க்கரை தறிகெட்டு இருக்கும் வாரத்தில் பார்த்த டி4-ஐ மட்டும் நம்பி மருந்து ஆரம்பிக்கக் கூடாது. டி4 குறைந்து, நாய்க்கான டி.எஸ்.எச். ஏறி, கொலஸ்டிராலும் தாறுமாறாக ஏறி, வால்முடியும் உதிர்ந்து, எல்லாம் ஒரே பக்கம் காட்டியபிறகுதான் 2023 பிப்ரவரியில் மாத்திரை எழுதினார்.

லெவோதைராக்சின், முதலில் 100 மைக்ரோகிராம் காலையும் மாலையும், பிறகு 200. சீட்டை நீட்டியதும் மருந்துக்கடைத் தம்பி தயங்கினான். "அண்ணே, ஒரு நாளைக்கு 400-ஆ? யாருக்கு இது? உங்க அம்மாவுக்கு 50 தானே குடுக்கறேன்." அப்பாவின் கணக்கு எனக்கும் ஞாபகம் வந்தது, வயிற்றில் புளி கரைத்தது. கடை வாசலிலேயே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். சரிதான் என்றார். நாயின் குடல் இந்த மாத்திரையைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், உறிஞ்சியதையும் உடம்பு சீக்கிரம் கழித்துவிடும், அதனால் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், இரண்டு வேளை. மனித அளவோடு ஒப்பிட்டபோது இன்சுலின் அளவு அபாயத்தைக் காட்டியது. தைராய்டு அளவு ஒன்றையும் காட்டவில்லை. எதை எதோடு ஒப்பிடலாம் என்று டாக்டரைக் கேட்காமல் நாமாக முடிவு செய்யக் கூடாது. அந்தத் தம்பி கேட்டது சரி, கேட்டதால்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், இன்சுலினைச் சாப்பாட்டோடு போட வேண்டும். எங்கள் நேரம் இப்படி அமைந்தது: ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குச் சாப்பாடு, அவள் தட்டை நக்கும்போது ஊசி. மாலையும் அதே. ஷிஃப்ட் மாறும் வாரத்தில் என் மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதே டாக்டரம்மா எச்சரித்திருந்தார்: தைராய்டு சரியாக ஆக இன்சுலினுக்கு இருந்த தடை விலகும், 9 யூனிட் கூடுதலாகிவிடும், இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் சர்க்கரை பாருங்கள். பார்த்தோம். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் பார்த்தோம். அதில் 170, 180 என்று அழகாக வந்தது. அங்கேதான் தவறிவிட்டோம். காலையில் போடும் என்.பி.எச். நண்பகலை ஒட்டித்தான் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் நாங்கள் ஒருநாளும் குத்திப் பார்க்கவில்லை.

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றரை மணி. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ரோசி ஹாலைக் கடந்து தண்ணீருக்குப் போனாள். பின்னங்கால் இரண்டும் ஒரு பக்கமாகச் சரிந்தன. எழுந்தாள், மறுபடி சரிந்தாள். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, ஆனால் நான் இருப்பது தெரிந்ததாக இல்லை. உதடு துடித்தது. மகள் மீட்டரை எடுத்து ஓடிவந்தாள். 52.

குளுக்கோஸ் பொடியை இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, விரலால் ஈறில் தேய்த்தேன். வாயில் ஊற்றக் கூடாது, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடும். ஈறில் தேய்த்தாலே உள்ளே போகும். கன்னத்தின் உட்புறத்தில், நாக்கின் அடியில் என்று மாற்றி மாற்றித் தேய்த்தேன். பல் என் விரலில் பட்டுக்கொண்டே இருந்தது, கடிக்கவில்லை. ஏழெட்டு நிமிடம் இருக்கும். நாக்கை நீட்டி என் விரலை நக்கினாள். உடனே கோழிக்கறி கலந்த சோறு வைத்தோம், தின்றாள். டாக்டருக்குப் போன் போட்டு, ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனோம். அன்று மாலை ஊசி வேண்டாம் என்றார்கள், மறுநாளிலிருந்து 6.

அதன்பிறகு முதுகில் ஒரு சின்ன வட்டம் முடியை மழித்து, மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சென்சாரை அவளுக்கு ஒட்டினார்கள். செலவுதான், ஆனால் எந்த மருந்தையாவது கூட்டியோ குறைத்தோ செய்யும்போது அதைவிட நல்ல காவல் இல்லை. இரவு மூன்று மணிக்கு என்ன நடக்கிறது என்பதுகூடக் கோடாகத் தெரிந்தது. சென்சாருக்கு வழியில்லாதவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து இரண்டு மணிக்கு ஒரு தடவை, காலை ஊசியிலிருந்து மாலை ஊசி வரை குத்திப் பார்த்து எழுதலாம். மிகக் குறைந்த எண் 80-க்கும் 150-க்கும் நடுவே இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்க்காமல் காலை எண்ணை மட்டும் வைத்து டோஸை மாற்றக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து போன உடம்பு பயந்துபோய் மேலேயிருக்கும் அம்புகளையெல்லாம் அவிழ்த்துவிட்டால், அடுத்த வேளைக்குச் சர்க்கரை 350 காட்டும். பார்ப்பவர் டோஸ் போதவில்லை என்று ஏற்றிவிடுவார்.

இதே காரணத்துக்காக ஸ்டீராய்டையும் சொல்ல வேண்டும். அதுவும் ஹார்மோன்தான். அரிப்புக்குப் போடும் ஊசி, காதுக்கு விடும் சொட்டு, தோல் களிம்பு, பலவற்றில் அது இருக்கும். அந்த வருடம் மழைக்காலத்தில் அவளுக்குச் சொறி வந்தபோது வேறொரு இடத்தில் காட்டினோம். ஸ்டீராய்டு ஊசியைப் போடுவதற்குக் கையில் எடுத்துவிட்டார்கள். சர்க்கரை இருக்கிறது என்று மகள் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள்.

சர்க்கரை நோயாளி உள்ள வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: அவர்களுக்காக வாங்கி வைக்கும் சர்க்கரையில்லா சுவிங்கம், மிட்டாய், பிஸ்கட்டில் ஸைலிட்டால் இருக்கலாம். சர்க்கரைதான் இல்லையே என்று நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டும், சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும், கல்லீரலும் கெடும்.

கண் போய்விட்டது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்த ஜனவரியில், நோய் தெரிந்த ஐந்தாம் மாதம், இரண்டு கருவிழியிலும் பனி படர்ந்தது போல் வெண்மை. சர்க்கரை கண்வில்லைக்குள் போய் சார்பிடால் என்ற பொருளாக மாறி, தண்ணீரை இழுத்து, வில்லையை மங்கடித்துவிடும். சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றரை வருடத்துக்குள் இது வந்துவிடுகிறது. ஆபரேஷன் உண்டு, எங்களால் முடியவில்லை. வீட்டில் சோபாவையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றுவதில்லை. மாடிப்படிக்கு ஒரு தட்டி. மூன்று வாரத்தில் வீட்டை முகர்ந்தே கற்றுக்கொண்டாள். ஐந்தரைக்கு ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டால் சமையலறை வாசலில் வந்து சரியாக உட்காருவாள்.

இன்சுலினோடு, மனிதர்களின் சர்க்கரைக்குப் போடும் ஜி.எல்.பி.-1 வகை ஊசிகளையும் சேர்த்து நாய்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. இன்றைக்கு நம் கையில் உள்ள கூட்டுச் சிகிச்சை இதுதான்: இல்லாத ஹார்மோனைக் கொடுப்பது, தடுக்கும் ஹார்மோனை விலக்குவது, குறைந்த ஹார்மோனை நிரப்புவது, ஒவ்வொன்றைத் தொடும்போதும் இன்சுலினைத் திரும்ப அளப்பது. குஷிங் உள்ள நாய்க்கு கார்டிசாலைக் குறைக்கும் மருந்து ஆரம்பித்தாலும் இதே கதைதான், இன்சுலின் தேவை இறங்கும்.

ரோசிக்கு இப்போது 11 வயது. 6 யூனிட், 200 மைக்ரோகிராம், இரண்டு வேளை. ஒரு பாட்டில் ஒரு மாதம் வருகிறது, திறந்த பாட்டிலை மாற்ற வேண்டிய காலமும் அதுதான். வாலில் முடி வந்துவிட்டது. தைராய்டு அளவை அவ்வப்போது, காலை மாத்திரை கொடுத்த நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பார்க்கிறோம்.

சென்ற வருடம் வேலையிடத்து நண்பர் ஒருவர் டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னார், அவர் வீட்டு டாஷ்ஹவுண்ட் நான்கு நாளாகத் தண்ணீரை விட்டு நகரவில்லையாம். ஏழு வயது, பெண். கடைசியாக எப்போது ஹீட்டுக்கு வந்தது என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணி, ஒரு மாதம் இருக்கும் என்றார். அன்று மாலையே அவரை வேப்பேரிக்கு அனுப்பினேன், அந்த அம்புக்குறிச் சீட்டையும் போனில் படமெடுத்துக் கொடுத்தேன். சர்க்கரை 390. இன்சுலின் ஆரம்பித்தார்கள், ஒன்பதாம் நாள் சினைப்பையை எடுத்தார்கள். டோஸ் வாரத்துக்கு வாரம் இறங்கி, ஆறாவது வாரம் ஊசியை நிறுத்திவிட்டார்கள். அந்த நாய்க்கு வாரம் ஒரு தடவை சிறுநீரில் ஸ்ட்ரிப் நனைத்துப் பார்க்கிறார். இதுவரை நிறம் மாறவில்லை.